சர்க்கார் முத்திரை குத்திய குண்டர் கும்பல்

மலேசியாவில் குண்டர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுவது சுலபம். கடைசி அத்தியாயத்தை அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிடும். பொட்டாக் சின்னை 1981இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பெந்தோங் காளி 1993இல் போலீஸ் தோட்டாவுக்குப் பலியானான். ஜொகூரில் மட்டும் ஒரு கும்பல் எழுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, சுடுபடாமல், தூக்கில் தொங்காமல், வயதாகிச் செத்தது. அதற்கு ஒரு சமாதியும் உண்டு. ஆளுக்கு அல்ல, கும்பலுக்கு.

பெயர் ஙீ ஹெங். பூர்வீகம் சீனா. அங்கே 1644இல் மிங் வம்சம் கவிழ்ந்து மஞ்சூக்களின் சிங் வம்சம் அரியணை ஏறியது. பிற்பாடு, ‘சிங்கை விரட்டுவோம், மிங்கை மீட்போம்’ என்று கிளம்பிய ரகசியச் சங்கங்களின் வாரிசு இது. சேருவதென்றால் சேவலின் தலையைச் சீவி, ரத்தம் குடித்து, 36 சபதம் எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு 1844இல், அதாவது மிங் கவிழ்ந்து சரியாக 200 வருஷம் கழித்து, சங்கத்துத் தளபதி டான் கீ சூன் சிங்கப்பூரிலிருந்து படையோடு புறப்பட்டார். (டான் என்பது அவருடைய குலப்பெயர், தொழிலுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.) போன இடம் பீக்கிங் அல்ல, ஜொகூரின் தெப்ராவ் ஆறு. மீட்டது மிங் வம்சத்தை அல்ல. மிளகு நட்டார்.

அழைத்தவர் ஜொகூரின் தெமெங்கோங் இப்ராஹிம். அவர் குடியிருந்ததோ சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில். கையில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதில் காடும் புலியும் நிறைய இருந்தன, வரி கட்டத்தான் ஆளில்லை. புலியிடம் வசூலிக்க முடியாது. எனவே அவர் ‘சூராட் சுங்கை’ என்று ஆற்றுக்கொரு சீட்டு எழுதத் தொடங்கினார். இந்த ஆறு உன்னுடையது, காட்டை வெட்டு, பயிர் வை, எனக்குச் சேரவேண்டியதைக் கொடு. சீட்டு வாங்கியவர் கங்சு, ஆற்றுக்குத் தலைவர். ஆற்றோடு சேர்த்து அபினி, சூதாட்டம், சாராயம், பன்றிக்கறி, அடகுக்கடை ஆகிய ஐந்துக்கும் ஏகபோக உரிமை அவருக்குக் கிடைத்தது.

இதன் அழகை நின்று ரசிக்க வேண்டும். கூலிக்காரன் பகலெல்லாம் காம்பிர் என்ற செடியின் இலையை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைக்கிறான். அந்தச் சாறு கட்டியாகி, கப்பலேறி, லண்டனில் தோல் பதனிடப் போகிறது. சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு அபினிக் கடைக்குப் போகிறான். அங்கே மிஞ்சியது சூதாட்டக் கொட்டகைக்கு. அங்கேயும் தோற்றால் இடுப்பு வேட்டி அடகுக்கடைக்கு. எல்லாக் கல்லாவுக்கும் சாவி ஒருவரிடமே. சம்பளத்தைக் கொடுத்த கையே திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த வித்தையை டாஸ்மாக் கண்டுபிடித்ததாக நம்மூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஒழுக்கம் பேச வேண்டிய வெள்ளைக்காரன் பேசவில்லை. அந்த நூற்றாண்டில் சிங்கப்பூர் அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினியில்தான் வந்தது.

ஜலசந்திக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், சங்கங்கள் இவ்வளவு சாதுவாக இல்லை. தோட்டத்துச் சீனர்கள் சிலர் கத்தோலிக்கராகிச் சங்கத்தை விட்டு விலக, 1851இல் சிங்கப்பூரில் அவர்களுடைய தோட்டங்கள் எரிந்தன, நிறையப் பேர் கொல்லப்பட்டார்கள். 1854இல் ஒரு ஹொக்கியன் சீனனுக்கும் ஒரு தியோச்சூ சீனனுக்கும் அரிசி விலையில் வந்த தகராறு, தீவு முழுக்க நாள்கணக்கில் வெட்டுக்குத்தாகி நூற்றுக்கணக்கில் பிணம் விழுந்தது. 1887இல், சீனர்களைப் பாதுகாக்கவென்றே நியமிக்கப்பட்ட பிக்கரிங் துரையின் அலுவலகத்துக்குள் ஒரு தச்சன் நுழைந்து அவர் தலையிலேயே கோடரியை வீசினான். துரை பிழைத்தார், சங்கங்கள் பிழைக்கவில்லை. 1890இல் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது.

ஜொகூர் வேறு மாதிரி யோசித்தது. இப்ராஹிமின் மகன் அபு பாக்கார் படித்தவர், ஐரோப்பா சுற்றியவர், விக்டோரியா ராணியைச் சந்தித்தவர். அவருடைய அரசு 1873இல் கங்சுக்களுக்கு ஒரு சட்டம் போட்டது. ஙீ ஹெங் தவிர வேறெந்தச் சங்கத்துக்கும் ஆற்றங்கரையில் இடம் கொடுக்கக் கூடாது. இரண்டு கும்பல் இருந்தால்தானே கும்பல் சண்டை? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒழித்துவிட்டால் அதற்குப் பெயர் நிர்வாகம். ரத்தம் குடித்து ரகசியம் காத்தவர்கள் அரசாங்கக் காகிதத்தில் பெயர் வந்ததும் என்ன நினைத்தார்களோ!

சங்கத்தின் பிற்காலத் தலைவர் டான் ஹியோக் நீ. துணி மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர், கங்சு ஆனார். ‘ஜொகூரின் மேஜர் சைனா’ என்று பட்டமும் பெற்றார். அபினி, சாராயக் குத்தகைகளில் பெரும் பங்காளியானார். கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டுச் சீனாவுக்குத் திரும்பினார். எந்தச் சிங் அரசை விரட்டச் சங்கம் சபதம் செய்ததோ அதே அரசின் ஆட்சியில் நிம்மதியாகக் கண் மூடினார். சபதம் 36இல் இதற்கு விலக்கு இருந்திருக்க வேண்டும்.

சிங் அரசு 1912இல் விழுந்தது; தெப்ராவ் ஆற்றிலிருந்து யாரும் போய்த் தள்ளிவிடவில்லை. லட்சியம் இப்படி வேறு யாராலோ நிறைவேறிவிட்டதால் சங்கத்துக்கு வேலை போயிற்று. வருமானமும் போயிற்று, காம்பிர் மண்ணைச் சக்கையாக்கிவிட்டுப் போன இடத்தில் ரப்பர் வந்தது, ரப்பரோடு கங்காணியும் நம் ஆட்களும் வந்தார்கள். 1914இல் ஜொகூருக்குப் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் வந்தார். ஆலோசகர் என்பது பெயருக்குத்தான். அவர் சொன்னால் செய்தாக வேண்டும். 1917இல் கங்சு முறை ஒழிந்தது. அதே காலத்தில் சங்கமும் கலைந்தது.

கலைந்தபோது கையிருப்பு இருந்தது. சாதாரணமாக இந்தக் கட்டத்தில்தான் கத்தி வெளியே வரும். இவர்களோ சொத்தை ஃபூன் யூ பள்ளிக்குக் கொடுத்தார்கள். பிறகு ஜொகூர் பாருவில் தங்கள் இடுகாட்டில் ஒரு சமாதி கட்டினார்கள். கல்லில் எந்த ஆளின் பெயரும் இல்லை, ‘மிங் சமாதி’ என்றுதான் இருக்கிறது. கவிழ்ந்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆன வம்சத்துக்கு இவ்வளவு தாமதமாக யாரும் காரியம் செய்திருக்க மாட்டார்கள்.

டான் ஹியோக் நீ 1880களில் சிங்கப்பூரில் கட்டிய மாளிகை இன்னும் நிற்கிறது. அவருக்குப் பின் அது பெண்கள் விடுதியாயிற்று. 1938இல் சால்வேஷன் ஆர்மி குடிவந்து, போர்க்காலம் நீங்கலாக 1991 வரை அங்கிருந்தே குடி, சூது, போதை மூன்றையும் விடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. வீட்டுக்காரர் 1902லேயே காலமாகிவிட்டதால் ஆட்சேபணை எதுவும் வரவில்லை.