சாவித்திரி கை

ஜாக்கெட் கை தோளிலிருந்து கீழே இறங்க வேண்டும். எனக்குத் தைத்து வந்திருப்பது மேலே ஏறுகிறது. காதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

நான் கேட்டது இவ்வளவுதான்: கறுப்பு வெள்ளைப் படங்களில் சாவித்திரி போட்டிருப்பாரே, அந்த மாதிரி கை. தோள் மூட்டில் நாலைந்து சுருக்கம், லேசான உப்பல், கீழே ஒரு பட்டை. சாதாரணக் கைத்தறிச் சேலைக்கு, ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக. மற்றதெல்லாம் இந்தக் காலம், கை மட்டும் 1955. உங்கள் போனிலும் இப்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கும், மறைக்காதீர்கள்.

தினசரி உடுப்பில் உறுத்தாமல் கொஞ்சம் பழமையைச் சேர்க்க ஒரு முறை உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் டெய்லர் மாஸ்டரைப் பற்றி இரண்டு வார்த்தை.

படத்தை நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி சாவித்திரியின் முகத்தைப் பார்த்தார். "நல்ல ஆர்ட்டிஸ்ட்டும்மா, பாவம்" என்றார். "கை மாஸ்டர், கையைப் பாருங்க." "பஃப்புதானே? எங்கப்பா தைக்காத பஃப்பா?" அப்பா தைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "சரி, அளவு ஜாக்கெட் எடுத்தாந்தீங்களா?"

அளவு ஜாக்கெட் எல்லார் வீட்டிலும் ஒன்று உண்டு. அதைத் தைத்த டெய்லர் கடையைக் காலி செய்துவிட்டு எங்கோ போயிருப்பார். உடம்போடு ஒட்டி நிற்பது அது ஒன்றுதான். ஆனால் போட்டுக்கொள்ள முடியாது, எப்போதும் ஏதாவது ஒரு டெய்லர் கடையிலேயே கிடக்கும். மாஸ்டர் அதை மேசையில் விரித்து, டேப்பை ஓட்டி, நோட்டில் எழுதி, என் துணியில் ஒரு துணுக்கை வெட்டி பில்லோடு பின் அடித்தார். இத்தனை சிரத்தையைப் பார்த்து யாருக்குமே நம்பிக்கை வரும்.

"கழுத்து இதே மாதிரிதானே?" "இதே மாதிரி." "பின்னாடி இறக்கம்?" "இதே மாதிரி." "கயிறு வெச்சிடவா?" "வேண்டாம்."

கயிறு வைத்திருக்கிறார். நுனியில் இரண்டு குஞ்சம், குஞ்சத்துக்குள் மணி. ஆபீஸ் லிஃப்டில் நான் திரும்பினால் கற்பூரத் தட்டு எங்கே என்று பக்கத்தில் நிற்பவர் தேடுவார். "எக்ஸ்ட்ரா காசெல்லாம் இல்லம்மா, நானா வெச்சேன்."

சொன்ன தேதிக்குப் போனபோது "கொக்கி மட்டும்தான் பாக்கி" என்றார். கொக்கி கட்டுகிற அம்மா ஊருக்குப் போயிருந்தாராம். தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்துக்கு முன்னாலும் கொக்கி கட்டுகிற அம்மா ஊரில் இருந்ததில்லை. எட்டிப் பார்த்தால் என் துணி கவர் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. கொக்கி மட்டும் பாக்கி!

ஒருவழியாக வந்து சேர்ந்ததும், கை ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்டேன். "உள்ள கேன்வாஸ் குடுத்திருக்கேன். எத்தனை வாஷ் போட்டாலும் படியாது" என்றார் பெருமையாக. 1830களில் ஐரோப்பியப் பெண்கள் கை உப்பி நிற்பதற்காக உள்ளே இறகு அடைத்த சின்னத் தலையணைகளைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களாவது வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து வைத்தார்கள். அந்த உப்பல் ஒருமுறை வடிந்து, 1890களில் மறுபடியும் பெரிதாகத் திரும்பி வந்தது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளைப் பார்த்துத்தான் நம் ரவிக்கைக்கும் பஃப் ஏறியது. ஆக, சாவித்திரி கை என்று நான் உருகியது விக்டோரியா மகாராணி கை.

நம் ஊர்ப் பழமையேதான் வேண்டும் என்றால் டெய்லரே தேவையில்லை. காரைக்குடிப் பக்கம் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிய பழைய ஆச்சிகள் பலர் ரவிக்கையே போட்டதில்லை. அந்த அளவுக்குப் பாரம்பரியம் காக்க எனக்குத் துணிவில்லை, ஆபீசில் ஏசி வேறு.

"ஒன்றே ஒன்று பழசு, மற்றதெல்லாம் புதுசு" என்று சொல்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. எது ஒன்றோடு நிற்கிறது? பஃப் கைக்கு ஜிமிக்கி கேட்கும். ஜிமிக்கிக்கு மாட்டல். மாட்டலுக்குப் பின்னல். என் முடிக்குப் பின்னல் என்றால் சவுரி. சவுரிக்குக் குஞ்சலம். கடைசியில் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி வழிமறித்து யாருக்குக் கல்யாணம் என்பார்.

'பொன்னியின் செல்வன்' படம் 2022இல் வந்தாலும் வந்தது, கழுத்தில் கிடப்பதெல்லாம் 'சோழர் டிசைன்' ஆகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் பாருங்கள். முத்து எத்தனை, எடை எத்தனை கழஞ்சு, அதில் அரக்கு சேர்ந்திருக்கிறதா என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய சோழர் டிசைன் ஆரத்துக்குப் பில்லே கிடையாது. பாசி எந்த இடத்தில் உதிர்ந்தது என்றும் தெரியவில்லை.

கையைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டாயிற்று. பிரித்தால் துணி பற்றாதாம்.

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் சொன்னதைத் தைக்கிற டெய்லர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். உடம்பில் டேப் வைத்து அளவெடுப்பவராக இருந்தால் நல்லது. என் அளவு ஜாக்கெட் இன்னும் மாஸ்டரிடம்தான் இருக்கிறது.