முள்கரண்டிக்கு ராசியில்லை

ஐரோப்பாவில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவர், சனிக்கிழமையானால் இரும்புச் சட்டை மாட்டி, வயற்காட்டில் கூடாரம் அடித்து, 14-ஆம் நூற்றாண்டுப் போர்வீரனாகிவிடுவார். வேர்க்க விறுவிறுக்க வாள் சுழற்றியதும் பசிக்கும். இடுப்பில் தொங்கும் தோல்பையைத் திறப்பார். கத்தி, கரண்டி, முள்கரண்டி என்று மூன்றும், முறுக்குப் பிடியோடு, அச்சு அசல் அந்தக்காலம் போலவே இருக்கும். பக்கத்துக் கூடாரத்தார் எட்டிப் பார்ப்பார். "முள்கரண்டியா? நீங்க எந்த நூற்றாண்டு சார்?"

போச்சு. மானம் போச்சு.

கேட்டவர் பக்கம்தான் நியாயம். அந்தக்கால விருந்துக்குப் போனால் கத்தியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கூழ், கஞ்சி வகையறாவுக்கு மரக்கரண்டி, கொம்புக்கரண்டி. மற்றதெல்லாம் கைதான். கொப்பரையிலிருந்து இறைச்சியைத் தூக்கச் சமையற்கட்டில் பெரிய முள்கரண்டி இருந்தது. பந்திக்கு வர அதற்கு அனுமதி இல்லை. தட்டு? நாலு நாள் பழைய முரட்டு ரொட்டியைப் பலகை மாதிரி நறுக்கி, அதன்மேல் பரிமாறினார்கள். சாப்பிட்டு முடித்த எச்சில் இலையை நாம் மாட்டுக்குப் போடுவோம். அவர்கள் குழம்பு ஊறிய ரொட்டியை வாசலில் நின்ற ஏழைக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டார்கள்.

மரத்தட்டும் இருந்தது. 1545-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேரி ரோஸ் என்ற அவருடைய போர்க்கப்பல் கவிழ்ந்தது. 1982-இல் அதை மேலே தூக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த மரக்கிண்ணங்களில் இது இன்னாருடையது என்று கீறி வைத்த அடையாளங்கள்! பாத்திரக்கடையில் 'பேர் வெட்டணுமா?' என்று கேட்க ஆள் இல்லாததால் மாலுமிகள் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். அவசரத்துக்கு வாங்கிப்போன கிண்ணத்தைத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரி கப்பலிலும் இருந்திருக்கிறாள் போல.

கையால் சாப்பிட்டாலும் காட்டான்கள் இல்லை. மூன்று விரலால் எடு, விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே என்று 1530-இல் அறிஞர் எராஸ்மஸ் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதினார். பின்னே எதில் துடைப்பது? மேஜைவிரிப்பில்! என் பாட்டி கேட்டிருந்தால் எராஸ்மஸுக்கு அன்று சோறு கிடையாது.

இனி முள்கரண்டியின் ஜாதகம். 11-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்திலிருந்து வெனிஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சீமாட்டி ஒருத்தி கையால் உணவைத் தொடமாட்டாளாம். பணியாளர்கள் துண்டு துண்டாக நறுக்கித் தருவார்கள். தங்கத்தில் செய்த இருமுனை முள்கரண்டியால் குத்தி வாயில் போட்டுக்கொள்வாள். பிறகு உடம்பு அழுகிச் செத்துப்போனாள். ஆடம்பரத்துக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை என்று பீட்டர் டேமியன் என்ற துறவி எழுதி வைத்தார். அவர் பின்னாளில் புனிதரானவர். ஆனாலும் மாமியார் வாய்.

அடுத்தவர் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் எட்வர்டின் செல்லப்பிள்ளை பியர்ஸ் கேவ்ஸ்டன். அவருடைய சொத்துப் பட்டியலில் பேரிக்காய் தின்ன என்றே வெள்ளி முள்கரண்டி மூன்று. 1312-இல் பிரபுக்கள் அவர் தலையை வெட்டினார்கள். பேரிக்காய்க்காக இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மூன்றாவது ஆள்தான் என் கதாநாயகன், தாமஸ் கொரியட். 1608-இல் இங்கிலாந்திலிருந்து வெனிஸ் வரை போய், பெரும்பாலும் நடந்தே திரும்பியவர். எல்லார் விரலும் சுத்தமாக இருக்காது என்று இத்தாலிக்காரர்கள் முள்கரண்டி பிடிப்பதைப் பார்த்தார், ஆசைப்பட்டார், ஊர் திரும்பியும் விடவில்லை. 1611-இல் புத்தகத்திலும் எழுதினார். நண்பர் ஒருவர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஃபர்சிஃபர்'. லத்தீனில் முள்கரண்டி ஏந்தியவன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தூக்கில் தொங்கவேண்டிய போக்கிரி என்றும் எடுத்துக்கொள்ளலாம். இப்படி நண்பன் இருந்தால் யாருமே ஊரைவிட்டுக் கிளம்பத்தான் செய்வார்கள்.

கிளம்பினார். சிரியாவின் அலெப்போவிலிருந்து நம் அஜ்மீருக்கு நடை! வழிச்செலவு சில நாள் இரண்டே பென்னி. அந்தக் காசுக்கு முள்கரண்டி வைத்துப் பரிமாறுகிற கடை வழியில் எங்கே இருந்திருக்கும்? அஜ்மீரில் ஜஹாங்கீர் முன்னால் பாரசீக மொழியில் ஒரு பிரசங்கம் செய்தார். பாதுஷா நூறு ரூபாய் கொடுத்தார். ஆங்கிலேயன் கையேந்துவதா என்று இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோவுக்கு ஆத்திரம். 1617 டிசம்பரில், சூரத்தில், ஏற்கெனவே வயிற்றுப்போக்கோடு வந்தவருக்குச் சொந்த ஊர்க்காரர்கள் உபசாரமாக மது ஊற்றிக்கொடுக்க, கதை முடிந்தது. கையால் சாப்பிடாதே என்று இங்கிலாந்துக்குப் பாடம் எடுத்தவர், ஊரே கையால் பிசைந்து சாப்பிடும் தேசத்தில் அடக்கமானார்.

கூடாரத்தில் தலைகுனிந்து நிற்கிற நம் வீரருக்கு ஒரு யோசனை. இரும்புச் சட்டையைக் கழற்றிவிட்டு, 'நான் கொரியட்' என்று சொல்லிவிடலாம். முள்கரண்டியை யாரும் கேட்கமாட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் காரில் ஏறி வீட்டுக்கு மட்டும் போக முடியாது, அஜ்மீருக்கு நடக்கவேண்டியதுதான்.