சருகுக்குப் பட்டா இல்லை

மாசி பிறந்தால் போதும், புங்கமரமும் தூங்குமூஞ்சி மரமும் எந்த இலாகாவிடமும் அனுமதி வாங்காமல் இலையைக் கொட்டுகின்றன. தோட்டக் கழிவை எறியாதே, எரிக்காதே, புதைக்காதே, உன் வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்து வை என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள். நல்ல விதிதான். வளாகம் என்றால் என்ன என்பதுதான் பெங்களூரின் ஜோகுபாளையத்துக்குப் புரியவில்லை. படி இறங்கினால் ரோடு. ரோட்டைத் தாண்டினால் எதிர்வீட்டுப் படி. நடுவில் ஒரு ஸ்கூட்டர், ஒரு தண்ணீர் டிரம், ஒரு துளசித் தொட்டி. நம் ஜமீன் அவ்வளவுதான்.

தெருச் சருகோ அரசாங்க மரத்தின் சொத்து. அதைக் கூட்டும் பௌரகார்மிக அம்மாவுக்குத் துடைப்பமும் தள்ளுவண்டியும் கொடுத்தவர்கள், கொட்ட ஒரு குழி கொடுக்க மறந்துவிட்டார்கள். அபராதத்தை மட்டும் மறக்கவில்லை. குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

ஊருக்கு உரக்கூடமே இல்லாமலில்லை. 1975இல் கர்நாடக உர வளர்ச்சிக் கழகம் வந்தது. கூட்லு பக்கம் ஆலை நடத்தியது. அன்றைக்கு அது ஊருக்கு வெளியே. பிறகு ஊரே அதைத் தேடிப் போய்க் குடியேறியது. எச்.எஸ்.ஆர். லேஅவுட் எழுந்தது, அடுக்குமாடிகள் எழுந்தன, பால்கனிக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆலையை மூடு என்றார்கள். நாற்றம் பொய்யில்லை. பிரிக்காத குப்பையைக் கொட்டினால் எந்த உரக்கூடமும் நாறும். நாளுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் கூடத்தைச் சுற்றிக் கட்டடமில்லா நிலம் விட வேண்டும் என்று 2016இல் எழுதினார்கள். தாலி கட்டிப் பிள்ளையும் பெற்ற பிறகு ஜாதகப் பொருத்தம்!

ஊர்க் குப்பையைக் கொட்டிய மாவள்ளிபுராவுக்கு இந்தப் பொருத்தமும் பார்க்கவில்லை. 2012இல் அங்கே குப்பைக் கிடங்கு கதவடைத்ததும் லாரிகள் மண்டூருக்குத் திரும்பின. மண்டூர்க்காரர்கள் 2014இல் ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கும் மூக்கு உண்டு என்பது விதான சௌதாவில் இருக்கிற அரசுக்குத் தெரிந்தது. இடைவெளி நிலம் என்பது பணக்காரன் மூக்குக்கும் ஏழையின் கிணற்றுக்கும் நடுவில் விடுகிற தூரம் போலும்.

இத்தனைக்கும் சருகுக்கு வேண்டியது பூங்கா மூலையில் நாலு கம்பிவலைக் கூண்டு. கொஞ்சம் சாணிக் கரைசல், அவ்வப்போது தண்ணீர், ஒரு கிளறல். சில மாதங்களில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கையில் வரும். ஆனால் நகரத் திட்ட வரைபடத்தில் வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை; சருகுக்கு மட்டும் கலர் கிடையாது. பச்சைக்குள் கல் பதிக்கலாம், சிலை வைக்கலாம். இலை மட்கினால் அழகு கெட்டுவிடுமாம்!

யாரிடம் கேட்பது? மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து வருஷம் ஓடியும் தேர்தல் வரவில்லை. குப்பையை ஒழுங்காக இரண்டாகப் பிரிக்கத் தெரியாதவர்கள், 2025இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். இனி காற்றில் பறக்கிற சருகு எந்த மாநகராட்சி எல்லையில் விழுந்தது என்று சர்வேயர் சங்கிலியோடு வந்து அளக்கட்டும்.