சிவப்புச் சட்டை வாங்கின மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை

வாங்க மாப்ள, உக்காருங்க. எங்க ஊர்ப் பொண்ணைக் கட்டின கையோட கார்க் கவுண்டி ஹர்லிங் அணியோட சிவப்புச் சட்டையும் வாங்கிட்டீங்களாமே. பொண்ணு தங்கமான பொண்ணு, அதுல உங்களுக்கு ஒரு குறையும் வராது. சட்டை விஷயத்துலதான் யாரும் உள்ளதைச் சொல்லியிருக்க மாட்டாங்க. மாடு கறக்குற நேரம் போக மிச்ச ஆயுசை ஹர்லிங்குக்கே எழுதி வச்ச கிழவன் சொல்றேன், கேட்டுக்குங்க.

நீங்க லண்டன்ல வளர்ந்தவரு, ஆட்டத்தோட அரிச்சுவடியில இருந்து வருவோம். ஆளுக்கு ஒரு ஆஷ் மரக் கட்டை, அதுதான் ஹர்லி. பந்துக்குப் பேரு ஸ்லிட்டர். உள்ளங்கையில அடங்கும், அடிச்சா எங்க போச்சுன்னு கண்ணு தேடும். பக்கத்துக்கு 15 பேர், 70 நிமிஷம். குறுக்குக் கம்பத்துக்கு மேல போனா 1 புள்ளி. கீழ வலைக்குள்ள போனா கோல், அது 3 புள்ளிக்குச் சமம். 3-27ன்னு எழுதியிருந்தா 3 கோல், 27 புள்ளி, ஆக மொத்தம் 36. இந்தக் கணக்கை இப்பவே பழகிக்குங்க. பின்னாடி அழும்போது பெருக்கிக் கூட்ட வராது.

சொத்துக் கணக்குல நாங்க ஒண்ணும் இளைச்சவங்க இல்ல. அகில அயர்லாந்துப் பட்டம் 30 எங்க வீட்டுல. போட்டிக் கவுண்டிகள்ல கில்கென்னிக்கு 36, டிப்பரரிக்கு 29. அந்தப் பட்டத்துக்கான கோப்பைக்குப் பேர் கொடுத்த லியம் மெக்கார்த்தி லண்டன்ல பொறந்தவருதான், ஆனா அவரோட அப்பா இங்க பாலிகார்வன்காரர். அவருக்கும் லண்டன், உங்களுக்கும் லண்டன். ஒரு வகையில நீங்க கோப்பைக்குப் பங்காளி ஆகுறீங்க. என்ன, சொந்தக்காரங்க வீட்டுப் பக்கம் அது கடைசியா எட்டிப் பார்த்தது 2005ல. 2025 வரைக்கும் 20 வருஷம் ஆச்சு. கார்க் இவ்வளவு காலம் காத்துக் கிடந்ததா சரித்திரமே இல்ல.

இந்தப் பக்கம் ஒரு பழைய பேச்சு உண்டு. கார்க் ஆட்டக்காரங்க காளான் மாதிரி, ராத்திரியோட ராத்திரியா முளைச்சு நிப்பாங்கன்னு சொல்லுவாங்க. முளைக்கிறதுல இன்னிக்கும் குறைச்சல் கிடையாது. மே மாசம் குப்புனு முளைக்குது. ஜூலையில எவனாவது வந்து பறிச்சுக்கிட்டுப் போயிடுறான்.

சும்மா தோத்துட்டு வர்ற பசங்கன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. தோக்குறதுலயும் எங்காளுங்களுக்குத் தனிக் கைவேலை உண்டு. 2013 இறுதியாட்டத்துல கிளேருக்கு எதிரா ஆட்டம் முடியுற நேரம், நாங்க 1 புள்ளி முன்னால. அதுவரைக்கும் சாம்பியன்ஷிப்ல ஒரு புள்ளிகூட அடிச்சிராத அவங்க மூலைத் தடுப்பாளர் டோனல் ஓ'டானவன் தூரத்துல இருந்து ஒண்ணு விட்டாரு, ஆட்டம் சமன். மறு ஆட்டத்துல ஷேன் ஓ'டானல்ன்னு 19 வயசுப் பையன் 3 கோல் போட்டுக் கதையை முடிச்சான். 2018 அரையிறுதியில லிமெரிக்கை விட 6 புள்ளி முன்னால இருந்தோம், ஆட்டமும் முடியப் போகுது. அவங்க எட்டிப் பிடிச்சுட்டாங்க. எங்க ஹார்னெடி கோலடிக்கக் கட்டையை ஓங்குறாரு, அவங்க கோல்கீப்பர் நிக்கி குவெய்ட் தன் ஹர்லியோட நுனியால பந்தைச் சும்மா தட்டிவிட்டாரு. கூடுதல் நேரத்துல கோட்டை விட்டோம். அந்த வருஷம்தான் லிமெரிக் 1973க்குப் பிறகு முதல் தடவையா கோப்பையைத் தூக்கிச்சு. 2021 இறுதியில அதே லிமெரிக், 16 புள்ளி வித்தியாசம். அது ஒண்ணுதான் நெஞ்சுவலி வராம தோத்தது, இடைவேளையிலயே எல்லாம் முடிஞ்சுபோச்சு.

2024ல மறுபடி கிளேர், மறுபடி இறுதி. அவங்க 3-29, நாங்க 1-34. கூட்டிப் பாருங்க, கூடுதல் நேரமும் ஆடி 1 புள்ளியில போச்சு. கடைசி வீச்சுல எங்க ராபி ஓ'ஃபிளின் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க, நடுவர் பார்க்கலைன்னு இன்னிக்கும் கார்க் முழுக்கப் பேச்சு. சட்டை இழுத்தா நீளும் மாப்ள. நடுவர் கண்ணுக்கு மட்டும் நீளாது. வாங்கும்போது கடையில இதையும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இனிமேதான் முக்கியமான பாடம், 2025. லீக் இறுதியில டிப்பரரியை 10 புள்ளியில சாத்தினோம். ஏப்ரல்ல சாம்பியன்ஷிப்புக்கு அதே டிப்பரரி எங்க மைதானத்துக்கு வந்துச்சு. டாரா மெக்கார்த்தின்னு அவங்க சின்னப் பையனை, நடுவர் பந்தையே இன்னும் உள்ள வீசல, அதுக்குள்ள சிவப்பு அட்டை காட்டி வெளிய அனுப்பிட்டாங்க. 15 புள்ளியில ஜெயிச்சோம். மன்ஸ்டர் மாகாண இறுதியில லிமெரிக்கைப் பெனால்டி வரைக்கும் போய் மடக்கினோம். அகில அயர்லாந்து அரையிறுதியில டப்ளினுக்கு எதிரா 7 கோல். அப்புறம் கேக்கணுமா? டிக்கெட்டுக்காகப் பத்து வருஷமாப் பேசாத அண்ணன் தம்பியெல்லாம் ராசி ஆனாங்க. ஜூலையில மறுபடி டிப்பரரியோட இறுதியாட்டம், டப்ளின் குரோக் பார்க்குல 82,000 பேர், எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு.

இடைவேளையில நாங்க 6 புள்ளி முன்னால. எனக்கு முன் வரிசையில ஒருத்தர் எழுந்து நின்னு, திங்கக்கிழமை வெற்றி ஊர்வலத்துக்குக் கூட்டம் தாங்காதே, பஸ்ஸை எங்க நிறுத்துறதுன்னு போன்ல ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருந்தாரு. அடுத்த பாதியில எங்க பசங்க அடிச்சது எவ்வளவு தெரியுமா? 2 புள்ளி. 35 நிமிஷத்துல ரெண்டே ரெண்டு. ஒரு பெனால்டி கிடைச்சது, அதையும் அவங்க கோல்கீப்பர் ரைஸ் ஷெல்லி பிடிச்சுப் போட்டாரு. அந்தப் பக்கம் 3 கோலும் 14 புள்ளியும் விழுந்துச்சு. ஏப்ரல்ல பந்து விழுறதுக்கு முன்னாடியே வெளிய போன அந்தப் பையன் மட்டும் 1-13 அடிச்சான். கடைசியில 3-27க்கு 1-18, அதே 15 புள்ளி, ஆனா இப்ப அவங்க பக்கம். பஸ்ஸுக்கு ஏற்பாடு பண்ணின அந்த முன் வரிசைக்காரர் மறுபடி போனை எடுத்து, வாசல்லயே வண்டியைக் கிளப்பி வைப்பான்னு கெஞ்சிக்கிட்டு இருந்தாரு.

அன்னிக்கு ராத்திரில இருந்து இந்த ஊர்ல ஒவ்வொருத்தனும் பயிற்சியாளர். நடுவர் சரியில்ல, காத்து சரியில்ல, தேர்வு சரியில்ல, பசங்களுக்கு நெஞ்சுல உரமே இல்லன்னு ஆளாளுக்கு ஒண்ணு. நீங்களும் திட்டலாம் மாப்ள, தடையே இல்ல. ஆனா திட்டுறதுக்கும் ஒரு முறை இருக்கு.

முதல் முறை: திட்டப்போற ஆளுக்கு இந்த ஆட்டத்துல சம்பளம் கிடையாது. ஞாயித்துக்கிழமை 82,000 பேர் முன்னாடி ஆடிட்டு, விடிஞ்சா பள்ளிக்கூடத்துலயோ கம்பெனியிலயோ போய் நிக்கணும். சம்பளம் வாங்காதவனை "காசுக்கு மாரடிக்கிறான்"னு திட்ட முடியாது, யோசிச்சுத் திட்டுங்க.

ரெண்டாவது: அழணும்னா ஆளைப் பார்த்து அழுங்க. வாட்டர்ஃபோர்டுக்காரங்ககிட்ட போய் 20 வருஷம்னு மூக்கைச் சிந்தாதீங்க. அவங்க கடைசியா ஜெயிச்சது 1959ல. டீ கொடுத்து உக்கார வச்சு, விடிய விடிய அவங்க கதையைச் சொல்லிடுவாங்க.

மூணாவது: "திறமை இருந்தும் ஜெயிக்கலையே"ங்கிறப்ப எதிர்ல யார் இருந்தான்னும் பாருங்க. லிமெரிக் 2018ல இருந்து 2023 வரைக்கும் 6 வருஷத்துல 5 கோப்பை எடுத்தவங்க. அவங்க காலத்துல ஆடினது எங்க பசங்க செஞ்ச குத்தமா?

கிறிஸ்டி ரிங்னு ஒருத்தர் எங்க கிளாய்ன்ல பொறந்தவரு. ஊருக்குள்ள சிலை நிக்குது, போய்ப் பாருங்க. கார்க் நகரத்துல கிளென் ரோவர்ஸ் கிளப்புக்கு ஆடினாரு, அகில அயர்லாந்துப் பதக்கம் 8. அதே கிளப்ல இருந்து வந்தவரு பாட்ரிக் ஹோர்கன். 2008ல கார்க் அணிக்கு ஆட வந்து 2025ல ஓய்வு வாங்கினாரு. ஓய்வு வாங்கினப்ப சாம்பியன்ஷிப்ல அதிகம் அடிச்சவங்க வரிசையில உச்சியில நின்ன பேரு. 2013, 2021, 2024, 2025ன்னு 4 இறுதி, நாலும் தோல்வி. அகில அயர்லாந்துப் பதக்கம் ஒண்ணும் இல்ல. இப்பச் சொல்லுங்க, அந்த மனுஷனுக்கு முன்னாடி நின்னு "என்னால தாங்க முடியல"ன்னு சொல்ல நமக்கு வாய் வருமா?

அப்ப குறை எங்கதான் இருக்குன்னு கேக்குறீங்க. குறையே இல்லன்னு சொன்னா கிழவனுக்குப் புத்தி மழுங்கிடுச்சுன்னு அர்த்தம். எங்காளுங்களுக்கு ஓடத் தெரியும், வலையைக் கிழிக்கத் தெரியும். ஓட வழி இல்லாதப்ப என்ன பண்றதுன்னு தெரியாது. 2025 இறுதியில டிப்பரரி பிரையன் ஓ'மாராவைக் கூடுதல் ஆளாப் பின்னாடி நிறுத்தி வாசலை அடைச்சுட்டாங்க. நாங்க அதே வாசல்லயே போய் முட்டிக்கிட்டு நின்னோம். தூரத்துல இருந்து ஒவ்வொரு புள்ளியாச் சேர்த்துப் பிழைக்கிற அசிங்கமான ஆட்டம் எங்களுக்குக் கைவரல. அதுக்கு யார் காரணம்? 7 கோல் போட்ட அன்னிக்கு எழுந்து நின்னு கும்பிட்டதும் நாமதான், 1 புள்ளியில தட்டுத்தடுமாறி ஜெயிச்ச அன்னிக்கு "என்னப்பா ஆட்டம் இது"ன்னு உதட்டைப் பிதுக்கினதும் நாமதான். கைதட்டு எதுக்குக் கிடைக்குதோ அதைத்தானே பசங்க ஆடுவாங்க?

பயிற்சியாளரு பாட் ரயன் விலகிட்டாரு, பென் ஓ'கானர் வந்திருக்காரு. 2004ல கோப்பையைத் தூக்கின கேப்டன். அவரையும் நம்ம ஆளுங்க முதல் மாசம் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க, மூணாவது தோல்வியில இறக்கிப் போடுவாங்க. அந்தக் கூட்டத்துல நீங்க சேர வேண்டாம்.

சட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லல மாப்ள. போட்டுக்குங்க, உங்களுக்கு எடுப்பா இருக்கு. "இந்த வருஷம் நமக்குத்தான்"ங்கிற பேச்சை மட்டும் கடைசி விசில் வரைக்கும் வாயில வரவிடாதீங்க. ஜூலையில குரோக் பார்க் டிக்கெட்டுக்கு அலையுற ஆளுங்க ஆயிரம் பேர். பிப்ரவரிக் குளிர்ல, மழைத் தூறல்ல, லீக் ஆட்டம் பார்க்க வர்றவன்தான் ஆட்டக்காரனைத் திட்ட உரிமை உள்ளவன். அந்த உரிமை வேணும்னா பிப்ரவரியில வாங்க. வண்டியில உங்களுக்கு ஒரு இடம் வச்சிருக்கேன், பெட்ரோல் காசு மட்டும் உங்களுது.