தோல்வித் திலகம்

இவரை உங்களுக்குத் தெரியும். கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ரிட்டயரானவர். பயணப்படி பில்லில் எட்டணா இடித்தால்கூடக் கையெழுத்துப் போடாதவர். அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கைக் கிளறியே செயலாளரை ராஜினாமா செய்ய வைத்தவர். யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவர், ஐந்து வயதுப் பேரன் தாயக்கட்டையோடு எதிரே வந்து உட்கார்ந்ததும் தோற்க ஆரம்பிப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை தோற்றுக்கொண்டே இருப்பார்.

சும்மா தோற்பதில்லை, அதில் ஒரு தொழில் சுத்தம் உண்டு. கட்டையை உருட்டுவார், கண்ணெதிரே பன்னிரண்டு விழுந்திருக்கும். சட்டென்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ரெண்டுதான்டா விழுந்துச்சு, கிழவனுக்கு எங்கே பன்னெண்டு விழப்போகுது" என்று கட்டையை அள்ளிவிடுவார். பேரன் காயை வெட்ட வழி இருந்தால் அதை விட்டுவிட்டு எங்கேயோ மூலையில் கிடக்கும் காயை நகர்த்துவார். கேரமில் ரெட்டைக் குழி வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அடுத்த அடியில் ஸ்ட்ரைக்கரையே உள்ளே தள்ளி மைனஸ் வாங்குவார். செஸ்ஸில் ராணியைச் சிப்பாய்க்குப் பலி கொடுத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரித் திரும்பிக்கொள்வார்.

பரமபதத்தில்தான் இந்தக் கலை உச்சத்தைத் தொடும். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிப்பதற்காக ஆடுகிற ஆட்டம் அது. திறமைக்கு அங்கே வேலையே கிடையாது, கட்டை சொல்வதுதான் சட்டம். பேரனின் காய் உச்சியை நெருங்கிவிட்டது. மூன்றாவது கட்டத்தில் பெரிய பாம்பு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. பையன் உருட்டுகிறான். மூன்றேதான். உதடு பிதுங்கத் தொடங்குகிறது. அதற்குள் தாத்தாவின் சுண்டுவிரல் எங்கிருந்தோ வந்து ஒரு கட்டையை லேசாகப் புரட்ட, மூன்று நாலாகிறது. ஏகாதசி அன்றைக்கே வைகுண்டத்துக்குக் குறுக்கு வழியில் ஆள் சேர்த்த புண்ணியவான்!

தோற்ற பிறகு நடிப்பு வேறு. "ஐயையோ, மறுபடியும் என்னைக் கவுத்துட்டானே! இங்க வந்து பாரேன், உன் பேரன் சூரப்புலி!" என்று தலையில் அடித்துக்கொள்வார். அடுக்களையிலிருந்து பாட்டி "ம்" என்பார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுப் பெண் கேரம் ஆட வருவாள். ஏழு வயது. விட்டுக்கொடுக்கும் பயிற்சி எதுவும் அவளுக்கு இல்லை. இரண்டு காய் உள்ளே போனதும் நம் சூரப்புலிக்கு முகம் மாறும். நாலு போனதும், "இது செல்லாது, போர்டு கோணலா இருக்கு" என்பான். ரெட்டும் போய்விட்டால் போர்டையே கவிழ்த்து ஆட்டையைக் கலைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். "நீ அழுகுணி, உன்கூட டூ" என்று அவள் இறங்கிப் போய்விடுவாள். சோபாவுக்குக் கீழே குனிந்து காய் பொறுக்கிக்கொண்டே தாத்தா தீர்ப்பு வழங்குவார்: "பாவம், குழந்தைக்குத் தூக்கம் வந்துடுச்சு."

அந்த வயசு அப்படித்தான். ழான் பியாஜே என்ற சுவிஸ் அறிஞர், பிள்ளைகள் கோலி ஆடுவதைக் கூர்ந்து கவனித்து 1932இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். சின்னஞ்சிறுசுகள் ஆளுக்கொரு விதியில் தனித்தனியாக ஆடுமாம், கடைசியில் எல்லோருமே ஜெயித்துவிடலாமாம். நம் கட்சிகளுக்குத் தேர்தல் முடிவு வருகிற அன்றைக்கு இந்த வயசுதான்.

வளர்ந்தவர்களுக்கும் தோல்வி லேசில் செரிப்பதில்லை. 2025 ஜூனில் நார்வே செஸ் போட்டியில் குகேஷிடம் தோற்ற மாக்னஸ் கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்தியதில் காய்கள் துள்ளியதை உலகமே பார்த்தது. ஆனால் உடனே சமாளித்துக்கொண்டு கை கொடுத்தார், போகிற போக்கில் குகேஷின் முதுகில் தட்டிவிட்டும் போனார். குத்துவது வரைக்கும் நம் பையன் தேறிவிட்டான். கை கொடுப்பதுதான் இன்னும் பாடத்திட்டத்தில் வரவில்லை. அந்தக் குகேஷும் 2024இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காயில், தோற்றவர். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்காமல் மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்தார். 14 ஆட்டம் முடிந்தபோது 18 வயதில் பட்டம் அவருடையது.

பாட்டியின் பள்ளிக்கூடம் வேறு. பல்லாங்குழியை எடுத்து வைத்தால் இரக்கமே கிடையாது. நாலு சோழி சேர்ந்தால் "பசு" என்று அள்ளிக்கொண்டே இருப்பார். ஆனால் ஆரம்பிக்கும்போதே, "நீ சின்னவன், உனக்கு ஒரு பிடி சோழி கூட" என்று எண்ணி அவன் கையில் கொடுத்துவிடுவார். சலுகை எவ்வளவு என்பது பையனுக்கும் தெரியும். தெருவில் கண்ணாமூச்சி ஆடும்போது சின்னதுகளை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டதும் இப்படித்தான், அவுட் கிடையாது என்று முன்கூட்டியே எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுவார்கள். நீதான் கேப்டன் என்று யாரும் காதில் பூ சுற்றவில்லை.

தோற்றுப்போய்ப் பையன் மூக்கை உறிஞ்சினால், "அழறதுன்னா அழுதுக்கோ, நான் சோழியை எண்ணி முடிக்கிறவரைக்கும் டைம்" என்பார். எண்ணி முடித்ததும், "இந்த ஓரத்துக் குழியிலேருந்து எடுத்திருந்தா அந்தப் பசு உனக்கு வந்திருக்கும், பாத்தியா?" என்று விரலால் தொட்டுக் காட்டுவார். அழுகை பாதியில் நிற்கும். அடுத்த ஆட்டத்தில் பையன் ஓரத்துக் குழியையே குறியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். எப்போதாவது ஜெயிப்பான். அன்றைக்குத் தெருவே அதிரும்.

தாத்தாவைக் கேட்டால், "குழந்தை மனசு நோகக் கூடாதுங்க" என்பார். பொய். பேரன் உதடு பிதுங்கினால் தாங்காதது இவர் மனசுதான். அவனுக்கும் விஷயம் விளங்காமல் போகாது. ஒருநாள், "நீ வேணும்னே தோக்குற தாத்தா, உன்கூட ஆடினா போர்" என்று பல்லாங்குழிப் பக்கம் நகர்ந்துவிடுவான். இவர் நிஜமாகத் தோற்பது அன்றைக்குத்தான். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். காபி வேண்டாம் என்பார். இரண்டாம் முறை கூப்பிட்டால், "எனக்குத் தூக்கம் வருது" என்பார்.

தாத்தாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். பேரனை நேருக்கு நேர் ஜெயிக்க மனசு வரவில்லை என்றால் பரமபதத்தையே விரியுங்கள். அவனை நீங்கள் தோற்கடிக்க வேண்டியதில்லை, பழியைப் பாம்பு ஏற்றுக்கொள்ளும். கட்டை விழுந்த பிறகு கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.