வாவி வெட்டினால் கொடுங்கோல், வீதி வெட்டினால் கோபுரம்

கொழும்பிலிருந்து வரும் பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறி முடிக்கும் இடத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. கோயில் கோபுரம் அல்ல. கலங்கரை விளக்கம் என்று நினைத்தால் கடல் எங்கேயோ கிடக்கிறது. கேப்டன் டோசன் என்ற இராணுவப் பொறியியலாளருக்கு, அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1832இல் எழுப்பிய நினைவுக் கோபுரம் அது. கொழும்பு–கண்டி வீதியைத் திட்டமிட்டு முடித்தவை அவருடைய அறிவும் திறமையுமாம். கல்வெட்டு சொல்கிறது, நம்பத்தானே வேண்டும்! ஆகவே பாறையைப் பிளந்தது அறிவு, மண் சுமந்தது திறமை. பக்கத்தில் ஆள் யாரும் நின்றதாகத் தகவல் இல்லை.

கோபுரத்தைத் தாண்டினால் அரை மணித்தியாலத்தில் கண்டி வாவி. அதை வெட்டியவனுக்குக் கோபுரம் இல்லை. அவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்; கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்க வம்சத்தான். 1807இல் மாளிகைக்கு முன்னிருந்த வயலை அணைகட்டி வாவியாக்கினான். வேலை செய்தவர்கள் இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்புக்குக் கட்டுப்பட்ட குடிகள்; கூலி கிடையாது. முணுமுணுத்தவர்களை வாவியின் அடியிலேயே கழுவேற்றினான் என்று ஊர்க்கதை. குடிகள் வெறுத்தார்கள், பிரதானிகளும் வெறுத்தார்கள். அந்த வெறுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கொடுமை காதில் விழுந்ததும் வெள்ளைக்காரத் துரைமாருக்கு நெஞ்சு உருகிவிட்டது. அதே நெஞ்சில் இன்னொரு முள்ளும் இருந்தது. 1803இல் கண்டியைப் பிடித்ததும் அங்கே நிறுத்திய மேஜர் டேவியின் படை, காய்ச்சலில் சுருண்டு, சரணடைந்து, மகாவலிக் கரையில் வெட்டுண்டு அழிந்திருந்தது. கண்டிக்கு மதில் எதற்கு? வீதி இல்லாததே அதன் மதில். சேனாதிபதிக்குப் புரியாத அந்தப் பாடம் பொறியியலாளருக்குப் புரிந்தது.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். கொடுங்கோலனை இறக்கியாயிற்று, குடிகளை மீட்டாயிற்று. மீட்கப்பட்ட குடிகள் மீட்சி தாங்காமல் 1817இல் ஊவாவில் கிளர்ந்தார்கள். வயலை எரித்து, ஊரை எரித்து அவர்களை அடக்கினார்கள். தலைமை தாங்கிய கெப்பெட்டிபொலவின் தலையை 1818 நவம்பரில் கண்டியில் வெட்டினார்கள். மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவி ஆளின் குணத்தைக் கண்டுபிடிக்கும் 'விஞ்ஞானம்' அப்போது எடின்பரோவில் கொடிகட்டிப் பறந்தது. மண்டையோடு அங்கே கப்பலேறியது. பிறத்தியானின் மண்டையைத் தடவிய கைகள் தங்கள் மண்டையை ஒருமுறை தடவிப் பார்த்திருக்கலாம்.

அடுத்த கிளர்ச்சிக்குப் பீரங்கி தாமதமின்றிப் போய்ச் சேரவேண்டும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் வீதியைத் தொடங்கினார். டோசன் அளந்தார். பதினாறு வயதளவில் மீசை முளைக்காத ஸ்கின்னர் என்ற பையனிடமும் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். மலையைத் துளைத்து வருகிறவனே கண்டியை ஆள்வான் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. கடுகண்ணாவையில் பாறையைத் துளைத்து அதையும் நிறைவேற்றினார்கள். துளைத்த கைகள் யாருடையவை? இராஜகாரியக் குடிகளுடையவை. இராஜாவை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். காரியத்தை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டார்கள்.

குளம் தோண்டிய இலவச உழைப்பு கொடுங்கோன்மை. வீதி தோண்டிய இலவச உழைப்பு நாகரிகம். மண்வெட்டி அதே மண்வெட்டிதான். பிடித்தவன் முதுகும் அதே முதுகுதான்.

பார்ன்ஸ் துரைக்கு இரக்கமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கோப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இராஜகாரியத்திலிருந்து விலக்கு அளித்தார். கோப்பியின் ஏற்றுமதி வரியையும் நீக்கினார். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் அவருக்கே கோப்பித் தோட்டம் இருந்தது வெறும் தற்செயல்.

1832 ஓர் அற்புதமான வருடம். ஜனவரியில் கண்ணுசாமி வேலூரில் செத்தான். பெப்ரவரியில் கொழும்பு–கண்டித் தபால் வண்டி ஓடியது. இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கோபுரமும் எழுந்தது. ஆனால் ஒழிந்தது பதினாறு வருடத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் பிரபு வீதிச் சட்டம் போட்டார்: ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்யவேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங். மாத்தளை கொதித்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி கிளர்ச்சித் தலைவன் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டார்கள். அதே மாதம் 26ஆம் திகதி குடாபொல தேரரைக் காவி உடையோடு சுட்டார்கள். வாவியில் கழுவேற்றியது கதையாக இருக்கலாம். இது கதையல்ல, அரசாங்கப் பதிவு.

இனி நம்முடைய பங்கு. 1815 ஒப்பந்தத்தில் இன்னொரு வாசகம் இருக்கிறது. 'மலபார்' இனத்துக்குக் கண்டியில் ஆட்சி உரிமை ஒழிந்தது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் திரும்பக் காலடி வைத்தால் இராணுவச் சட்டம் பாயும். மலபார் என்றால் அவர்கள் அகராதியில் தமிழன். கோப்பி காய்த்ததும் அகராதி அப்படியே இருந்தது, சட்டம்தான் மறந்துபோயிற்று. அதே 'மலபார்' ஆட்களைக் கங்காணி கூட்டிவந்தான். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவும் அம்மையும் கூடவே நடந்தன. வழியில் விழுந்தவனுக்குப் புதைகுழியும் இல்லை, கோபுரம் யார் கட்டுவது? போய்ச் சேர்ந்தவன் காடு வெட்டினான், கல் உடைத்தான், ரயில் பாதை போட்டான். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது.

கல்லை உடைத்தவனிடம் 1948இல் சுதந்திர அரசு காகிதம் கேட்டது. அப்பன் எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே? பூட்டன் எங்கே? லயத்தில் பிறந்தவன் பதிவுத்துண்டுக்கு எங்கே போவான்? வெள்ளைக்காரன் கேட்டதும் எழுத்து, நம்மவர்கள் கேட்டதும் எழுத்து. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் டெல்லியில் உட்கார்ந்து, காகிதம் இல்லாதவர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதினார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னார் போகும் ரயிலுக்கு வேறு வழியில்லை. பாட்டன் கல் உடைத்த அதே கடுகண்ணாவைச் சரிவில் பேரனை ஏற்றி இறக்கினார்கள்.

கடுகண்ணாவையில் 2014இல் ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். உழைத்து ஓய்ந்த எஞ்சின்கள் வண்ணம் பூசி, நிழலில் நிற்கின்றன. நல்ல காரியம். அவற்றில் எதனிடமும் 'உன் பாட்டன் எங்கே பிறந்தான்?' என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருக்கும்.