மடியா, மேசையா?

கேள்வி: மடிக்கணினி, மேசைக்கணினி இரண்டிலும் அதே ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் சிப் தானே? குறைந்த பணத்தில் கேம் ஆட நினைப்பவர், தூக்கிச் செல்லக்கூடியதையே வாங்கினால் என்ன?

பதில்: தூக்கிச் சென்று ஆடப்போவது எங்கே, பிளக் பாயிண்ட் இல்லாத இடத்திலா? பேட்டரியில் ஓடும்போது மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் சிப், அதாவது திரைக்காட்சிகளைக் கணித்து வரையும் பகுதி, தன் வேகத்தைப் பெரிதும் இழந்துவிடுவதால், பெரிய விளையாட்டுகளுக்கு அங்கும் சுவர் மின்சாரமே தேவைப்படுகிறது. ‘அதே’ என்பதும் பெயரளவில்தான்: என்விடியா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அந்த 4070, மேசைக்கணினியில் 5,888 கணிப்புக் கருக்களும் 12 ஜிபி நினைவகமும் கொண்டு 200 வாட்டில் இயங்க, மடிக்கணினியில் 4,608 கருக்களும் 8 ஜிபி நினைவகமுமாகச் சுருங்கி, தயாரிப்பாளர் விதிக்கும் 35 முதல் 115 வாட் வரம்புக்குள் அடங்குகிறது.

மேசைக்கணினிக்குத் திரை, விசைப்பலகை, யூபிஎஸ் ஆகியவற்றின் விலையையும் கூட்டியாக வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் சில ஆண்டுகள் கழித்து கிராஃபிக்ஸ் அட்டையை மட்டும் கழற்றி மாற்ற அதில் வழியுண்டு, மடிக்கணினியிலோ அந்தச் சிப் பெரும்பாலும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. விடுதிக்கும் வீட்டுக்குமாக அலையும் மாணவருக்கு மடிக்கணினியே பொருந்தும். அவர் சிப்பின் பெயரோடு அதன் வாட் அளவையும் கடைக்காரரிடம் கேட்டே வாங்க வேண்டும்.